நாற்பத்தேழாம் பக்கத்துப் பென்சில் வரி

மறதியைப் பற்றிய உளவியல் புத்தகம் ஒன்றின் ஓரத்தில் ஒரு பென்சில் வரி குடியிருந்தது: "மறந்தவை எங்கும் போவதில்லை, யாராவது கூப்பிடக் காத்திருக்கின்றன."

நூலக அலமாரியில் அது எப்போதும் பழைய கதையே பேசும். "முப்பது வருஷம் முன்னால் என்னை எழுதியவள் மதியம் சாப்பிட்டதும் வருவாள். விரலில் நார்த்தங்காய் ஊறுகாய் வாசம் அடிக்கும்."

"அவள் பேர்?" என்று புத்தகம் கேட்கும்.

"எழுதாமல் போய்விட்டாள்."

ஒருநாள் உளவியல் மாணவி ஃபர்ஹானா தன் ஆய்வுக் கட்டுரையை முடிக்க வந்தாள். போன வாரம் நோட்டில் குறித்துக்கொண்ட வரிகளில் அந்த வரியும் இருந்தது. நோட்டில் எல்லாம் ஒரே நீல மை; எது அச்சு வரி, எது பென்சில் வரி என்று பிரித்தறிய முடியவில்லை. மேற்கோள் பட்டியலில் அதற்கும் புத்தக ஆசிரியரின் பெயரையே போட்டாள்.

"எங்கள் ஆசிரியருக்கு இன்னொரு வரி கூடினால் என்ன?" என்றது புத்தகம். பென்சில் வரி ஓரத்தில் இன்னும் மங்கிப்போனது. புத்தகத்துக்கு மனசு கேட்கவில்லை. பக்க எண்ணைப் பார்க்க அவள் கையில் எடுத்ததும், அந்தப் பக்கத்தில் தானாகவே விரிந்துகொடுத்தது.

ஓரத்தில் இருந்த பென்சில் எழுத்தை ஃபர்ஹானா பார்த்தாள். பிறகு ஆசிரியர் பெயரை அடித்துவிட்டு எழுதினாள்: "பெயர் தெரியாத வாசகர், பென்சில் குறிப்பு, பக்கம் 47."

அலமாரிக்குத் திரும்பியதும் பென்சில் வரி சொன்னது: "பேர் தெரியாமலே அவளைக் கூப்பிட்டுவிட்டது இந்தப் பெண்."