அறுபது சதவீத ஈரம்

“அறுபதுக்குக் கீழ எறங்கவே கூடாது. எறங்குச்சுன்னா போச்சு.”

“எறங்கினா என்னா ஆவும்ணா?”

“காய்ஞ்சி பூடும்பா. அப்பால தண்ணியிலயே முக்கினாலும் பிரயோஜனம் இல்ல.”

பீரோ உயரத்துக்கு நின்ற வலைக்கூண்டைத் தமிழ்ச்செல்வன் மரியாதையுடன் பார்த்தான். உள்ளே மணிபிளான்ட் கொடிகள் அடர்ந்திருந்தன. ஏறி இறங்க வாகாக, பாசி சுற்றிய ஆறு கட்டைகளை நிறுத்தியிருந்தார்கள். மூலையில் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். அறுபத்து மூன்று.

“பச்சோந்தி எங்கணா?”

“கண்ணுக்குத் தெரிஞ்சா அது என்னா பச்சோந்தி?” என்றான் பக்கத்து அறை விஷ்ணுவர்தன். “மூணு வேளையும் தண்ணி தெளி. கிண்ணத்துல வெச்சா குடிக்காது, எலயில நிக்கற சொட்டைத்தான் நக்கும். நாயுடுபேட்டையில அக்கா பொண்ணு கல்யாணம், பத்து நாள்ல வந்துடறேன். யார்கிட்டயும் மூச்சு வுடாத. இது மலைக்காட்டுல புடிச்சது. வூட்ல வெச்சிருந்தா ஃபாரெஸ்ட் கேஸு.”

இந்த இடத்தில் எந்தப் புத்திசாலியும் ஓடியிருப்பான். தமிழ்ச்செல்வன் கிராமச் செயலக வேலைக்குத் தேர்வாகியிருந்தான். போலீஸ் சரிபார்ப்பு ஒன்றுதான் பாக்கி. ஒரு கேஸ் விழுந்தால் போதும், வேலை போய்விடும். சொந்த ஊரான சத்தியவேட்டுக்குப் பஸ் ஏறி நைனா முகத்தில் விழிக்க வேண்டும்.

ஆனாலும் அவன் ஓடவில்லை. காரணம், அவன் படித்துத் தள்ளியிருந்த மொழிபெயர்ப்பு நாவல்கள். அவற்றில் வாடகை அறையில் தனியாக வாழும் இளைஞன் ஒவ்வொருவனுக்கும் ஓர் இருண்ட ரகசியம் இருந்தது. திருப்பதியில் தமிழ்ச்செல்வனுக்கு இதுவரை இருந்தது வேர்க்குரு மட்டும்.

சாவியை வாங்கிக்கொண்டான்.

மே மாத வெயில். முதல் நாள் மத்தியானமே மீட்டர் ஐம்பத்தெட்டுக்குச் சரிந்தது. பதறிப்போய் ஜன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டான். தண்ணீர் போதாதபோது தன் குளியலை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆக்கினான். ஈரம் தேங்கினால் பூஞ்சை பிடிக்கும் என்று இணையத்தில் படித்துவிட்டு, தன் மின்விசிறியைத் தூக்கிப்போய்க் கூண்டுக்கு வைத்தான். நான்கு வெட்டுக்கிளிகளைப் பிடித்து உள்ளே விட்டான். மறுநாள் ஒன்றுகூட இல்லை. ‘நல்ல பசி’ என்று நெகிழ்ந்தான். வலையின் ஓட்டைகள் வெட்டுக்கிளியைவிடப் பெரிதாக இருந்ததை அவன் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் போன் போட்டான். “பாத்துட்டேன்ணா!”

அந்தப் பக்கம் விஷ்ணுவர்தன் பதறினான். “எத்த பாத்த?”

“கண்ண. எல சந்துல தனியா உருளுது. என்னையே பாத்துக்கினு இருக்குது.”

“ஆங்... அதான். அதேதான்” என்று மூச்சு விட்டான் விஷ்ணுவர்தன். “தொந்தரவு பண்ணாத தம்பி. கொடியெல்லாம் வெலக்கிப் பாக்காத.”

அதன் பிறகு தினமும் மாலையில் கூண்டின் முன் உட்கார்ந்து நாவல் வாசித்துக் காட்டினான். பனி கொட்டும் அத்தியாயங்களில் மீட்டர் இரண்டு புள்ளி ஏறியதாக அவனுக்குத் தோன்றியது.

பத்து நாள் என்றவன் பத்தொன்பது நாளாகியும் வரவில்லை. போனும் அணைந்துவிட்டது. இருபதாம் நாள் காலையில் வாசலில் வனத்துறை ஜீப் வந்து நின்றது.

நல்ல நாவலின் நாயகன் கேட்பதற்கு முன்பே குற்றத்தை ஒப்புக்கொள்வான். ரேஞ்சர் நீரஜா மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் தமிழ்ச்செல்வன் கூண்டு இருந்த அறையைத் திறந்துவைத்துக் கைகூப்பி நின்றான்.

“தப்புதான் மேடம். உள்ள ஒரு பச்சோந்தி இருக்குது. புடிச்சது நான் இல்ல, வளத்தது நான்தான்.” ஒரு நோட்டை நீட்டினான். தேதி, நேரம், ஈரப்பதம், ஒவ்வொரு வரிக்கும் அவன் கையெழுத்து. “மொத நாள் மத்தியானம் தவுத்து ஒரு தபா கூட அறுபதுக்குக் கீழ வுடல. பாத்து கேஸ் எழுதுங்க மேடம். வேலை ஆர்டர் வர நேரம்.”

“ஏமய்யா, பச்சோந்தியா?”

நீரஜா டார்ச் அடித்தார். கூட வந்த வனக்காவலர் முனியப்பன் கொடிகளை இலை இலையாக விலக்கினார்.

“பச்சோந்தி எதுவும் இல்லையே.”

தமிழ்ச்செல்வனுக்குப் போன உயிர் திரும்பியது. தப்பித்துவிட்டது! தானும் பிழைத்து, அவனையும் பிழைக்க வைத்துவிட்டது! “அப்ப கேஸ் இல்லல்ல மேடம்?”

நீரஜா கட்டைகளின் பக்கம் டார்ச்சைத் திருப்பினார். முனியப்பன் ஒரு கட்டையின் பாசியை உரித்துக் கத்தியால் சுரண்டினார். உள்ளே ரத்தச் சிவப்பு.

“செம்மரம் மேடம். ஆறும் மொதல் தரம்.”

“விஷ்ணுவர்தன் நேத்தே மாட்டிக்கினான். கட்டைய பத்திரமா பாத்துக்க ஒரு ஆளு இருக்கான்னு சொன்னான்” என்றார் நீரஜா, நோட்டைப் புரட்டியபடி. “இந்த வெயில்ல காய்ஞ்சா வெடிச்சிடும். வெடிச்சா வாங்கறவன் தொடமாட்டான். நானும் எத்தனையோ குடோன் பாத்தாச்சு. ஒரு கீறல் விழாம காப்பாத்தி, கையெழுத்தும் போட்டு வெச்சவன இப்பதான் பாக்கறேன்.”

பச்சோந்தி யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்று பத்தொன்பது நாளாக ஏழுமலையானை வேண்டிக்கொண்டிருந்த தமிழ்ச்செல்வன், கூண்டுக் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“அவசரப்படாதீங்க மேடம், அது லேசுல கண்ணுல ஆப்படாது... ஒண்ணாவது இருக்கும், இன்னொரு தபா நல்லா தேடிப் பாருங்க மேடம்!”