இரண்டாவது கிளைடர்

ரிமோட்டில் பறக்கும், எஞ்சினில்லாத குட்டி விமானமான கிளைடரைக் கையாலேயே செய்யும் போகுமில் கிழவரிடம் ரதோவான் கேட்டது, பட்டறையில் தொங்கிய சிவப்புக் கிளைடரை.

"அது செத்துப்போன என் மகனுக்குச் செஞ்சது. தரமாட்டேன்" என்று மறுத்த கிழவர், அவனுக்கென்று வெள்ளையில் ஒன்று செய்து விற்றார். முதல் தடவை தானே பறக்கவிட வேண்டும் என்பது மட்டும் அவருடைய நிபந்தனை.

ரானா குன்றின் உச்சியில் நல்ல காற்று. ரதோவான் கிளைடரை வீசினான். ரிமோட் கிழவரிடம் இருந்தது. கைக்கெட்டும் தூரம்வரை அவருக்குக் கண் தெரியும்; அதற்கப்பால் எல்லாம் பனிமூட்டம்தான்.

"இடது பக்கம் திருப்புங்க பெரியவரே. ஆங், அப்படித்தான்."

மகன் செத்து நாலு வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் கிழவர் சிரித்தார்.

"மேல தூக்குங்க. தூக்குங்கன்னா... போச்சு. பள்ளத்துப் பாறையில மோதித் தூளாப் போச்சு."

ரதோவான் ரிமோட்டை வாங்கிக்கொண்டான்.

"என் கையாலேயே உடைச்சிட்டேனே தம்பி."

"கண்ணு தெரியாதவருக்கு இந்த ஆசை எதுக்கு?"

கிழவர் தன் கம்பைத் தடவி எடுத்தார். பிறகு, "சிவப்ப எடுத்துக்கோ. இனிமே நான் எதையும் செய்யப்போறதில்ல" என்றார்.

கம்பை ஊன்றித் தடவித் தடவி அவர் இறங்கத் தொடங்கியதும், ரதோவான் ரிமோட்டின் குச்சியைக் கட்டைவிரலால் லேசாகச் சாய்த்தான். கிழவரின் தலைக்கு மேலே உயரத்தில், வெள்ளைக் கிளைடர் சத்தமே இல்லாமல் ஒரு வட்டம் போட்டது.