திரையில் வந்த நம்பர்

"கம்ப்யூட்டர் முழுக்க சிவப்பா எரியுதும்மா! முப்பத்தேழு வைரஸாம். உடனே பணம் கட்டலேன்னா எல்லாம் அழிஞ்சிடுமாம்." போனில் ஒரு தையல்காரர் பதறினார். "கஸ்டமருங்க அளவெல்லாம் இதுலதான் இருக்கு. கார்டு நம்பர் சொல்லட்டுமா?"

"யார் கேட்டாலும் சொல்லாதீங்க அண்ணே. நிஜமான ஆன்ட்டிவைரஸ் இப்படி போன் நம்பர் போட்டு மிரட்டாது. கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஆன் பண்ணுங்க," என்றாள் அவள்.

சற்று நேரத்தில், "போயிடுச்சும்மா!" என்றார்.

"இனிமே திரையில வர்ற நம்பருக்குக் கூப்பிடாதீங்க."

"இப்பவும் அந்த நம்பருக்குத்தானேம்மா கூப்பிட்டேன்?"

"ஆமாண்ணே," என்று போனை வைத்தாள். பின்னால் மேனேஜர் கொதித்துக்கொண்டு நின்றார்.

"நீ பேசுறதெல்லாம் ரெக்கார்ட் ஆகுது, தெரியும்ல?"

ஹெட்போனைக் கழற்றி அவர் கையில் வைத்தாள்.

"தெரியும் சார். அதனாலதான் நிறுத்தி நிதானமாப் பேசினேன்."