அறுபத்திரண்டு கையெழுத்து

பதினேழாவது தபால் கார்டைக் கிருபாநிதி இடது கையால் எழுதினார். கதவு தாழ் போட்டிருந்தது. மேசையில் நீலம், கறுப்பு, பச்சை என மூன்று மைக்கூடுகள். பக்கத்தில் ஒரு பெயர்ப் பட்டியல், முடிந்த பெயருக்கு நேரே ஒரு டிக்.

"எல்லாம் ஒரே ஆளு எழுதுனதுன்னு மட்டும் தெரிஞ்சுது, தொலைஞ்சோம்" என்றார் மனைவியிடம்.

ஜெயபாய் ஜன்னல் வழியாகத் தெருவை எட்டிப் பார்த்தாள். "போலீசு வந்து கேட்டா, இந்த மனுசன முன்னப்பின்ன பாத்ததே இல்லன்னு சொல்லிருவேன். இப்பமே சொல்லிட்டேன்."

போலீஸ் வருகிற அளவுக்கு அவர் மொட்டைக் கடிதாசி ஒன்றும் எழுதவில்லை. சிலுவைத்துறை பள்ளிக்கூடத்துக்கு அவர் ஒருவர்தான் வாத்தியார். போன ஐப்பசிப் புயலில் கூரை பறந்து கடலில் விழுந்ததிலிருந்து, வலை வைக்கிற கொட்டகையில்தான் வகுப்பு. வள்ளம் கரையேறினால் மூன்றாம் வகுப்பு முழுவதும் மீன் பார்க்கப் போய்விடும்.

"இந்த வருஷம் தொகுதிக்கே ஒரு கட்டடம்தான். எந்த ஊருக்குங்கது எம்.எல்.ஏ. கையில இருக்கு. கெடைக்கலன்னா வார ஜூன்ல உம்ம பள்ளிக்கூடத்த மூட வேண்டியதுதான்" என்று யூனியன் ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

கிருபாநிதி நாசரேத் வாத்தியார் பயிற்சிப் பள்ளியில் படித்தவர். எதையும் முறையாகச் செய்தால் நடக்கும் என்று நம்புகிறவர். வீடு வீடாகப் போனார். "வீட்டுக்கு ஒரு கார்டு. எம்.எல்.ஏ.வுக்கு எழுதிப் போடுங்க. ஊரே எழுதுனா அவரு அசைஞ்சுதான ஆகணும்?"

சங்கு குளிக்கிற பாஸ்கல் தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தான். "எழுதத் தெரிஞ்சா நாங்க எதுக்கு வாத்தியாரே பள்ளிக்கூடம் கேக்கப் போறோம்? கைநாட்டு வேணும்னா சொல்லும். பத்து விரலும் தாரேன்."

"கைநாட்ட எவன்லே மதிப்பான்? நானே எழுதுதேன். யாரு கேட்டாலும் நீ எழுதுனதாச் சொல்லு, போதும்."

அப்படித்தான் அறுபத்திரண்டு வீட்டுக்கும் அறுபத்திரண்டு கையெழுத்து. சாய்ந்தது, நிமிர்ந்தது, எறும்பு ஊர்ந்தது. ஒரு கார்டில் வந்த சொல் இன்னொன்றில் வராது. கருவாடு விற்கிற தங்கத்தாயின் கார்டை அவளுடைய கடகப் பெட்டியிலேயே ஒரு நாள் முழுக்கப் போட்டு வைத்து எடுத்தார். நாலு நாள் நடந்து, கீழவைப்பார் தபால் பெட்டியில் கொஞ்சம், வேம்பார் பெட்டியில் கொஞ்சமாகப் பிரித்துப் போட்டார்.

பாஸ்கலின் கார்டை மட்டும் அவனுக்கு வாசித்துக் காட்டினார். "ஆழ்கடலில் முத்தெடுக்கும் யாம், அறிவுக்கடலில் முத்தெடுக்க ஓர் ஓட்டுக்கூரை வேண்டி நிற்கிறோம்."

பாஸ்கல் வாயைப் பிளந்தான். "நானா இப்படிப் பேசுதேன்? எம் பொண்டாட்டி கேட்டா என்னைய மறுபடியும் கெட்டிக்கிடுவா."

பத்தாம் நாள் எம்.எல்.ஏ.வின் ஜீப்பே வந்து நின்றது. இறங்கியவர் கையில் கார்டுக் கட்டு. கொட்டகையில் ஊரே கூடிவிட்டது. ஜெயபாய் மக்ரூன் பலகாரத் தட்டோடு நின்றாள்.

எம்.எல்.ஏ. உட்காரவில்லை. ஒரு கார்டை வெயிலில் பிடித்துப் பார்த்தார். இன்னொன்றை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கிருபாநிதி பச்சை மை போகாத இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"பாஸ்கல்ங்கது யாரு?"

"நாந்தான்யா."

"இது நீ எழுதுனதா?"

பாஸ்கல் கார்டை வாங்கித் தலைகீழாகப் பிடித்து உற்றுப் பார்த்தான். "எங்கையெழுத்தேதான்யா. மாதா மேல சத்தியம்!" கிருபாநிதி இருமுவதுபோல் குனிந்து, கார்டை நேராகத் திருப்பிவிட்டார்.

எம்.எல்.ஏ. அடுத்த கார்டை எடுத்து, மூக்கைச் சுளித்தார். "இந்தக் 'கல்வியெனும் கலங்கரை விளக்கம்' யாரு?"

"நாந்தான் ராசா!" தங்கத்தாய் முந்திக்கொண்டாள். "ஒரு கையி கருவாடு, ஒரு கையி பேனா. அப்படியே எழுதிட்டேன்."

அவ்வளவுதான், ஆளாளுக்குக் கையைத் தூக்கினார்கள். "பச்ச மையி எனக்குள்ளது!" "சாஞ்சு கெடக்கது நான் எழுதுனது!" உற்சாகத்தில் ஒருவன் இரண்டு கார்டுக்கு உரிமை கொண்டாடினான்.

எம்.எல்.ஏ.வின் கண் கலங்கிவிட்டது. "மேடையில எனக்கே இப்படி வராது வாத்தியாரே. அறுபத்திரண்டு வீடு, அறுபத்திரண்டு கையெழுத்து, ஒரு தப்புக் கெடையாது!"

கிருபாநிதி இப்போதுதான் மூச்சு விட்டார். தப்பித்தாயிற்று.

எம்.எல்.ஏ. பையிலிருந்து ஒரு கசங்கிய தாளை உருவினார். "கட்டடத்துக்குப் போட்டிக்கு நிக்கிற இன்னொரு ஊரு அனுப்புனது இது ஒண்ணுதான். 'பள்ளிக்கூடம் வேணும்'னு ஒரு வரி, அதுலயும் மூணு பிழை. கீழ நாப்பது கைநாட்டு. ஒண்ணு, நண்டு மிதிச்ச மாதிரி இருக்கு."

கொட்டகையே சிரித்தது. பாஸ்கல் விசிலடித்தான். 'நான் அப்பமே சொன்னேன்லா' என்கிற மாதிரி அவனைப் பார்த்துவிட்டு, கிருபாநிதி மக்ரூன் தட்டை எம்.எல்.ஏ. முன்னால் நீட்டினார்.

எம்.எல்.ஏ. ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கைநாட்டுத் தாளின் ஓரத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டு மடித்தார். பிறகு கிருபாநிதியின் தோளில் வாஞ்சையோடு கை வைத்தார்.

"இவ்வளவு எழுதத் தெரிஞ்ச ஊருக்கு எதுக்கு வாத்தியாரே பள்ளிக்கூடம்?"