முழங்கால் கட்டு

வேலிக்கு வெளியே வந்த முட்டை வடிவப் பந்தைப் பெரிய வீரனைப் போலத் திருப்பி உதைத்தேன். அது பயிற்சியாளரின் கையிலிருந்த கோப்பியைத் தட்டிவிட்டது. எங்கள் ஆஸ்திரேலிய ஃபுட்போல் கழகத்தின் பயிற்சியைப் பார்த்து, தமிழ் ரசிகர்களுக்குக் குறிப்பு எழுதுகிறவன் நான். அன்றிலிருந்து என்னை எதிரணி உளவாளியாகவே பார்த்தார்கள். எனக்கோ அவர்கள்மேல் சந்தேகம். போட்டிப் பருவத்துக்கு முன் சோதித்துப் பார்க்க எடுத்திருந்த நிரோஜன் மட்டும் ஏன் முழங்காலில் கட்டோடு தனியே ஓடுகிறான்? திங்களன்று இடது காலில் இருந்த கட்டு, புதனன்று வலதில் இருந்தது. வேலிப்பக்கம் வந்தவனை மறித்தேன்.

“என்ன தம்பி, காயம் கால் மாறிப்போச்சோ?”

அவன் சுற்றிப் பார்த்தான்.

“காலுக்கு ஒண்டுமில்லை அண்ணை. என்னை அணியில எடுக்கமாட்டினமாம். வெள்ளிக்கிழமையோட போகச் சொல்லிப்போட்டினம். அம்மா நீங்கள் எழுதுறதைத்தான் வாசிக்கிறவா. காயம் எண்டே எழுதிவிடுங்கோ.”