ஒழுகும் கூரைக்கு ஒரு நோட்டீஸ்

“அம்மா, கையெழுத்துப் போட்டுட்டும் ஏமாத்தலாமா?”

ஒழுகும் கூரையைப் பார்த்து மகள் ஒருநாள் கேட்ட கேள்வி இது. அந்த வாடகை வீட்டில் தைத்துப் பிழைக்கும் தையல்காரி, ஆண்டவனை வேண்டிக்கொண்டு வக்கீல் அலுவலகப் படியேறினாள்.

“மழைக்கு முன்னாடி கூரையைச் சரிபண்ணித் தர்றதா ஒப்பந்தத்துல இருக்கு சார். மூணு மழை போயிடுச்சு. இன்னொரு தடவை துணி நனைஞ்சா யாரும் எனக்குத் தைக்கக் கொடுக்க மாட்டாங்க.”

“நேர்ல கேட்டீங்களா?”

“கேட்டேன். வீட்டுக்கார அம்மா பிடி கொடுக்க மாட்டேங்கறாங்க.”

வக்கீல் மேசையைத் தட்டினார். “அப்பட்டமான ஒப்பந்த மீறல்! நோட்டீஸ் விடறேன். அந்தம்மா ஆடிப் போயிடணும். ஒப்பந்தத்தைக் கொடுங்க.”

வாங்கிப் பார்த்தவருக்குக் குப்பென்று வியர்த்தது. வீட்டு உரிமையாளர் என்ற இடத்தில் அவர் மனைவியின் கையெழுத்து. சாட்சியின் இடத்தில் அவருடையதே.

“வாடகை விவகாரமெல்லாம் அவதாம்மா பாத்துக்கறா. நீட்டின இடத்துல கையெழுத்துப் போட்டேன். படிச்சுப் பார்க்கலை...”

“தெரிஞ்சுதான் வந்தேன் சார். அவங்ககிட்ட தைரியமாப் பேச உங்களாலதான் முடியும்.”

“முடியும்னு யாரும்மா சொன்னது?” குரலைத் தாழ்த்தினார். “நாளைக்கே கொத்தனாரை அனுப்பறேன். ஃபீஸ் வேண்டாம். அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம்.”

கூரை அடைபட்டது. அடுத்த மழைக்கு ஒரு சொட்டுகூட உள்ளே விழவில்லை.

மறுநாள் மதியம், வக்கீல் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் தையல்காரி வந்தாள். நாற்காலியில் தொங்கிய கறுப்புக் கோட்டின் கிழிந்த உள்துணியைத் தையல் வெளியே தெரியாதபடி தைத்தாள். நூலைக் கடித்துத் துண்டித்துவிட்டு, சத்தமில்லாமல் படியிறங்கினாள்.