அச்சுக்குப் போகாத போஸ்டர்

மருமகள் தமயந்தி போஸ்டர் வடிவமைக்கிறவள். அவளுடைய லேப்டாப் திறப்பதற்குள் காபி ஆறிவிடுகிறதே என்று, பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி ஒன்றை நான்தான் மாட்டிக்கொடுத்தேன். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். காதுகுத்து போஸ்டர் முதலில் திரையில் வந்தது. பிள்ளையைப் பெற்றவர்கள் மறுநாள்தான் ஆர்டர் கொடுக்க வந்தார்கள். வேலை மிச்சம் என்று இரண்டு பேரும் பேசாமல் இருந்துவிட்டோம். போன வாரம் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வந்தது. மாலைக்கு நடுவே என் படம். மறைந்த தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

"அழிச்சிடும்மா."

"அழிச்சா திரும்ப வருது மாமா. பயப்படாதீங்க, பார்ட்டி ஓகே சொல்லாம நான் எதையும் அச்சுக்கு அனுப்புறதில்ல. இதுல பார்ட்டி நீங்கதானே."

அன்றிலிருந்து தினமும் ஒரு குறை சொல்லிவருகிறேன். குறை இருக்கும்வரை ஓகே இல்லை அல்லவா. மீசை கோணல் என்றேன், நிமிர்த்தினாள். பச்சை பார்டர் வேண்டாம் என்றேன், மாற்றினாள். இன்று காலை கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, காது பெரிதாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். தமயந்தி கை வைக்கவில்லை. திரையில் காது அதற்குள் சிறிதாகிவிட்டிருந்தது.

"வேற ஏதாவது இருக்கா மாமா?" என்றாள்.